ரொட்டிக்குள் வந்த பப்பாளி: குழந்தைகளுக்கான ஒரு நிறத்தின் வரலாறு

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் கோவிந்தாபுரம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த இவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் மாறி மாறிப் புழங்குகின்றன. இங்கு ஒரே பண்டத்திற்கு இரண்டு பெயர்கள் உண்டு. அச்சில் வார்த்துச் சுட்டு, துண்டு துண்டாக அறுத்து, உறையிலிட்டு விற்கப்படுவது எல்லைக்குக் கிழக்கே பெரும்பாலும் ‘பிரெட்’, மேற்கே ‘ரொட்டி’. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘ரொட்டி’ என்றால் சப்பாத்தியின் உறவினர் ஒன்றும் நினைவுக்கு வரக்கூடும். மலையாளத்தில் அச்சொல் பேக்கரிப் பண்டத்தையே முதலில் குறிக்கும். பெயரில் இணங்காத இவ்விரு பக்கங்களும் ஒன்றில் மட்டும் முழுமையாக இணங்குகின்றன. குழந்தைக்கென்று வாங்கும் இனிப்பு ரொட்டியிலும் பன்னிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் துணுக்குகள் பதிந்திருக்க வேண்டும். அத்துணுக்கின் வணிகப் பெயர் ‘டூட்டி ஃப்ரூட்டி’. பிள்ளைகளின் வழக்கில் ‘செர்ரி’.

பீட்ரூட், கீரை, மஞ்சள், சங்குப்பூ ஆகியவற்றைச் சேர்த்து வீட்டிலேயே பல வண்ண ரொட்டி சுட்டுப் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியில் வைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் நடுத்தர வர்க்கச் சமையலறைகளில் பரவி வருகிறது. இது புதிய மோகமாகவே பேசப்படுகிறது. ஆனால் நம் பகுதிக் குழந்தைகள் உண்ட ரொட்டியில் நிறம் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்நிறம் மாவின் வழியாக வரவில்லை. பழுக்காத பப்பாளியின் வழியாக வந்தது. அது அவ்வாறு வந்ததற்குத் தாவரவியல் காரணமும், தொழில் காரணமும், கவனிக்கப்படாத ஒரு சட்டக் காரணமும் உண்டு.

முதலில் ரொட்டியின் வெண்மையைப் பற்றிச் சிறிது. தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குப் பிரெட் நெடுங்காலம் நோயாளியின் உணவாகவே இருந்தது. காய்ச்சல் கண்டவருக்குப் பாலும் பிரெட்டும் கொடுப்பதும், மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது பிரெட் பொட்டலம் வாங்கிச் செல்வதும் ஒரு தலைமுறையின் பொது நினைவு. எளிதில் செரிக்கும், காரமில்லை, வெள்ளையாக இருக்கிறது: இம்மூன்றும் சேர்ந்து அதற்கு ஒரு மருத்துவத் தகுதியை அளித்தன. அரிசிச் சமூகம் ஒன்று கோதுமை ரொட்டியை முழு உணவாக ஏற்காமல், பத்திய உணவாக மட்டும் ஏற்றுக்கொண்ட விதம் இது. ஆரோக்கியமான பிள்ளை பிரெட் கேட்டால் ‘உனக்கென்ன காய்ச்சலா’ என்று கேட்ட பாட்டிமார் இருந்த வீடுகள் பல.

சொற்களின் வரலாறும் இதற்குத் துணைசெய்கிறது. ஐரோப்பிய ரொட்டி தமிழ் நிலங்களுக்கு வந்தபோது ஒவ்வொரு நிலமும் அதற்கு வெவ்வேறு வாயிலைத் திறந்தது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் புதுச்சொல்லைத் தேடாமல், இங்கு முன்பே இருந்த ‘அப்பம்’ என்பதை எடுத்துக்கொண்டனர். இலங்கைத் தமிழர் போர்த்துக்கீசியரின் ‘பாவ்ங்’ என்னும் மூக்கொலிச் சொல்லிலிருந்து ‘பாண்’ என்பதைப் பெற்றனர்; அங்கே ‘ரொட்டி’ என்பது தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிச் சுடும் வேறொரு பண்டம். ஈழத்தில் போர்க்காலத்தில் தனித்தமிழ் முயற்சியாக ‘வெதுப்பி’, ‘வெதுப்பகம்’ என்னும் சொற்கள் எழுந்தன. அவற்றுள் ‘வெதுப்பகம்’ கடைப்பலகைகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழருக்கு ‘ரொட்டி’ என்பதே பிரெட். இந்தியாவிலிருந்து மலாய்க்குச் சென்ற அச்சொல்லே இரு மொழியினருக்கும் பொதுவானது; தெருத்தெருவாக ரொட்டி விற்றவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் பலர் இருந்தமையால் ‘ரொட்டி பாய்’ என்னும் வழக்கும் பிறந்தது. தமிழ்நாட்டின் ‘பிரெட்’ மட்டும் ஆங்கிலத்தை அப்படியே ஒலிபெயர்த்துக்கொண்டு, நெடுநாள் விருந்தாளியாகவே இருந்துவிட்டது.

சிங்கப்பூரைக் குறிப்பிட்ட இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பும் பச்சையும் சுழிசுழியாக ஓடும் ரொட்டித் துண்டில் பனிக்கூழ்க் கட்டியை மடித்துக் கொடுக்கும் தள்ளுவண்டிகள் அந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. அங்கே நிறம் மாவிலேயே கலந்திருக்கிறது. இந்திய ரொட்டியில் மாவு வெள்ளையாகவே நிற்க, நிறம் மட்டும் துணுக்குகளாகத் தனித்து நிற்கிறது. இவ்வேறுபாடு சுவை வேறுபாடு அன்று என்பது பின்னர் விளங்கும்.

தமிழகத்திலும் கேரளத்திலும் ரொட்டி பெருவழக்காகியதில் அரசின் பங்கு சிறியதன்று. 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480இன் கீழ், 1956 முதல் இந்தியாவுக்குக் கோதுமை வரத் தொடங்கியது. 1966இல் இந்தியா இறக்குமதி செய்த உணவு தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன்னை எட்டியது. அரிசி உண்ணும் மாநிலங்களைக் கோதுமையின் பக்கம் திருப்புவது கொள்கைத் தேவையாயிற்று. 1965இல் மத்திய அரசு ‘மாடர்ன் பேக்கரீஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியா இயந்திரங்களை அளித்தது. சென்னையிலும் கொச்சியிலும் அதன் ஆலைகள் எழுந்தன. வைட்டமின்கள் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட ரொட்டி என்பது அதன் பெருமையாக இருந்தது. 2000இல் அந்நிறுவனம் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ரொட்டி நோயாளியின் கட்டிலிலிருந்து இறங்கிப் பள்ளிப் பிள்ளையின் பெட்டிக்குள் சென்றது. அங்கே சென்றபின் வெண்மை போதவில்லை.

அரசு ஆலைகளுக்கு நெடுங்காலம் முன்பே கேரளத்தின் வடபகுதியில் பேக்கரி மரபொன்று வேரூன்றியிருந்தது. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880இல் தம் பிஸ்கட் தொழிலைத் தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்டக்காரருக்காக அவர் செய்த கிறிஸ்துமஸ் கேக் இந்திய பேக்கரி வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் நிகழ்வு. ஆனால் பாலக்காட்டு எல்லைக்கு நெருக்கமானது கேக்கன்று, புளிப்பு. கோவிந்தாபுரம் அடங்கிய சித்தூர் வட்டமே கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்பும் பகுதி. தென்னங்கள்ளில் இயல்பாக வாழும் ஈஸ்ட்தான் கள்ளப்பத்தையும் ஆப்பத்தையும் பொங்கவைத்தது. கோவாவில் போர்த்துக்கீசியர் கால ரொட்டிக்காரர்களுக்கும் அதுவே புளிப்பாயிற்று. ஆக, மாவைப் பொங்கவைக்கும் அறிவு இப்பகுதிக்கு வெளியிலிருந்து வரவேண்டிய தேவை இருக்கவில்லை. வந்தது கோதுமை, வந்தது அச்சு, பிறகு வந்தது பப்பாளித் துணுக்கு.

பப்பாளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஸ்பானிய ஆட்சிப்பகுதிகளிலிருந்து பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியாக அது இந்தியாவை அடைந்ததாக, கோவாவில் தங்கியிருந்த டச்சுக்காரரான லின்சோட்டன் 1596இல் வெளியான தம் பயணநூலில் எழுதியுள்ளார். வந்த இடமெல்லாம் அது பெயர் மாறியது. தமிழகத்தில் பப்பாளி, இலங்கையில் பப்பாசி. மலையாளத்திலோ வட்டாரத்திற்கு வட்டாரம் ஓமய்க்கா, கப்பளங்ஙா, கர்மூசா, பப்பாயா. நானூறு ஆண்டுகளில் ஒரு பழத்திற்கு இத்தனை பெயர்கள் கிளைத்தது, அது அரண்மனைத் தோட்டத்தில் தங்காமல் கொல்லைப்புறத்தில் தானே முளைத்துப் பரவியதற்குச் சான்றாகலாம். அரசாணையால் பரவும் பயிருக்கு இத்தனை பெயர் அமைவது அரிது.

கொங்குப் பகுதியில் இப்பயிர் தொழிற்பயிராகியது பழத்திற்காக மட்டுமன்று. பழுக்காத பப்பாளியின் தோலைக் கீறினால் வழியும் பாலில் பப்பெயின் என்னும் நொதி இருக்கிறது. புரதத்தைச் சிதைக்கும் ஆற்றலுடைய இது இறைச்சியை மென்மையாக்கவும், பீர் கலங்காமல் தெளிவாக இருக்கவும், செரிமான மருந்துகளிலும், தோல் பதனிடுதலிலும் பயன்படுவது. பிஸ்கட் மாவின் இழுவையைத் தளர்த்தவும் பேக்கரித் தொழில் இதையே நாடுகிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1979இல் கோ 2 என்னும் இரகத்தையும் 1985இல் கோ 5 என்னும் இரகத்தையும் வெளியிட்டது. முன்னது பழத்திற்கும் பாலுக்கும் ஏற்றது. பின்னது பாலுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பால் எடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஏனெனில் ரொட்டித் துணுக்கின் பிறப்பு இங்கேதான். காய் பிடித்து ஏறத்தாழ எழுபது முதல் நூறு நாட்கள் ஆனதும், அதிகாலையில், வெயில் ஏறுமுன், மூங்கில் குச்சியின் நுனியில் பொருத்திய துருப்பிடிக்காத சவரத் தகட்டால் காயின் மேலிருந்து கீழாக நான்கு மெல்லிய கீறல்கள் இடுவர். கீறலின் ஆழம் மூன்று மில்லிமீட்டர் அளவே. சொட்டும் பாலை அலுமினியத் தட்டுகளில் ஏந்துவர். மூன்று நான்கு நாட்கள் இடைவெளி விட்டு, முன்பு கீறாத இடங்களில் மீண்டும் கீறுவர். மூன்று நான்கு முறை இவ்வாறு செய்ததும் காய் ஓய்ந்துவிடும். பால் உலர்ந்து பொடியாகி ஏற்றுமதிக்குச் செல்லும். எஞ்சுவது தழும்பேறிய காய். அது பழுத்தாலும் சந்தையில் கண்ணுக்கு அழகாக இராது. வாங்குவோர் முகம் சுளிப்பர். டன் கணக்கில் இவ்வாறு மிஞ்சும் காயை என்ன செய்வது?

தோல் சீவி, விதை நீக்கி, சிறு கட்டங்களாக நறுக்கி, உப்புநீரில் ஊறவைத்து, பின் உப்பைக் கழுவி, வேகவைத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகின் அடர்த்தியைப் படிப்படியாக உயர்த்தி அதில் ஊறவைத்தால், பல மாதங்கள் கெடாத ஒரு பண்டம் கிடைக்கிறது. பச்சைப் பப்பாளிக்கு வலிய மணமோ சுவையோ நிறமோ இல்லை. சாயத்தை எதிர்க்காத, பாகை மறுக்காத, வெந்தாலும் கட்டம் கலையாத சதை அதனுடையது. சிவப்பு, பச்சை, மஞ்சள் எனப் பிரித்து நிறமேற்றிக் கலந்துவிட்டால் ‘எல்லாப் பழங்களும்’ என்று பொருள்படும் இத்தாலியப் பெயர் அதற்குப் பொருந்திவிடுகிறது. ஒரே ஒரு காய், அதுவும் பழுக்காத காய், எல்லாப் பழங்களின் பெயரையும் சூடிக்கொள்வது பெயரியலில் வேடிக்கையானதொரு நிகழ்வு. பன்னின் உச்சியில் வைக்கும் ‘செர்ரி’யும் பெரும்பாலும் செர்ரியன்று, நம் வேலிகளில் முள்ளோடு வளரும் களாக்காயைப் பாகில் ஊறவைத்துச் சிவப்பேற்றியதே.

கழிவைப் பண்டமாக்கிய இத்தொழில்நுட்பத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. உழவரின் தழும்புக் காய்க்கு விலை கிடைத்தது. சிறு பேக்கரிக்காரருக்கு உலர்திராட்சையைவிட மலிவான அலங்காரம் கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பொறுக்கி உண்ணும் மகிழ்ச்சி கிடைத்தது. பிசகு காயில் இல்லை, சாயத்தில் இருக்கிறது. சட்டம் நுழைவதும் அங்கேதான்.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் அமைந்த 1955ஆம் ஆண்டு விதிகளும் செயற்கைச் சாயத்தை எல்லா உணவிலும் அனுமதிக்கவில்லை. எவ்வெவ்வுணவில் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியல் தந்தன. ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக், பேஸ்ட்ரி, மிட்டாய் வகைகள், பழப்பாகு, ஜாம், ஜெல்லி என்று நீளும் அப்பட்டியல், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளிலும் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. அதில் ரொட்டி இல்லை. ஆனால் ‘பதப்படுத்திய பப்பாளி’ தனியே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. அதுமட்டுமன்று. பட்டியலில் உள்ள பெரும்பான்மை உணவுகளுக்குச் சாயத்தின் உச்ச அளவு பத்து இலட்சத்தில் நூறு பங்கு. பப்பாளியும் பாகிலிட்ட பழங்களும் அடங்கிய பிரிவுக்கோ இருநூறு பங்கு.

சிங்கப்பூர் ரொட்டியில் நிறம் மாவில் கலந்திருக்க, நம் ரொட்டியில் துணுக்காகத் தனித்து நிற்பதன் விளக்கம் இங்கே ஓரளவு கிடைக்கிறது. மாவுக்குச் சாயமேற்ற விதி இடந்தரவில்லை; பப்பாளிக்குத் தந்தது; பப்பாளி ரொட்டிக்குள் சென்றது. இதை யாரோ திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. மலிவும் வழக்கமும் விதியும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன என்று கொள்வதே பொருந்தும். வேதியியலும் அத்திசையிலேயே சாய்ந்தது. பாகிலிட்ட பழங்களுக்குப் பெரிதும் விரும்பப்படும் எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயம் அமிலத்தன்மையில் கரையாது. புளித்த ரொட்டி மாவு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. எனவே சிவப்பு துணுக்குக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள வெண்மை வெண்மையாகவே நிற்கிறது.

குழந்தைகளின் தின்பண்டத்தில் உள்ள நிறம் சட்டத்தின் கவலையானது இந்தியாவில் தொடங்கிய கதையன்று. 1820இல் லண்டனில் வேதியியலாளர் ஃபிரெடெரிக் ஆக்கம் உணவுக் கலப்படம் குறித்த தம் நூலை வெளியிட்டார். ரொட்டியை வெண்மையாக்கப் படிகாரம் சேர்க்கப்படுவதும் அந்நூல் அம்பலப்படுத்தியவற்றுள் ஒன்று. பத்தாண்டுகள் கழித்து வில்லியம் புரூக் ஓ’ஷாக்னஸி என்னும் இளம் மருத்துவர் லண்டன் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கப்பட்ட வண்ண மிட்டாய்களை ஆய்ந்து, 1831இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். சிவப்பில் ஈயமும் பாதரசமும், மஞ்சளில் ஈயக் குரோமேட்டும், பச்சையில் செம்பும் அவருக்குக் கிடைத்தன. ஓ’ஷாக்னஸி 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்தார். பின்னர் இந்தியாவின் தந்திப் பாதைகளை அமைத்தவர் என்னும் வகையிலேயே இங்கே நினைவுகூரப்படுகிறார். அவர் மிட்டாய் ஆராய்ந்தவர் என்பதை இந்திய அறிவியல் வரலாற்று மாணவர்கள்கூட அதிகம் அறிவதில்லை.

1856இல் வில்லியம் பெர்கின் கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்று, தவறுதலாக ஊதாச் சாயத்தைக் கண்டடைந்தார். நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. ஈயத்தோடும் பாதரசத்தோடும் ஒப்பிட்டால் இவை சாதுவானவையே. மிகச் சிறிய அளவே போதும், மலிவானவை, வெப்பத்தில் மங்குவது குறைவு. அதனாலேயே உணவுத் தொழில் இவற்றை ஏற்றுக்கொண்டது. 2011ஆம் ஆண்டு இந்திய விதிகளின் பட்டியலில் எட்டு உள்ளன: பான்சோ 4ஆர், கார்மாய்சின், எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, இன்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன்.

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதினரும் எட்டு, ஒன்பது வயதினருமான குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை ‘லான்செட்’ இதழிலேயே வெளியிட்டனர். சில சாயக் கலவைகளோடு சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானம் குழந்தைகளின் மிகையியக்கத்தைச் சற்றுக் கூட்டுவதாக அவ்வாய்வு தெரிவித்தது. விளைவு சிறியது, குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டது, எச்சாயத்தால் நேர்ந்தது என்று பிரித்தறிய இயலாதது என்னும் மறுப்புகளும் எழுந்தன. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 சூலை முதல் ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அவ்வாறில் நான்கு மேற்கண்ட இந்தியப் பட்டியலில் உள்ளவை. எரித்ரோசின் அவ்வாறில் இல்லை. அதன் கதை வேறு. ஆண் எலிகளில் தைராய்டுக் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990இலேயே அதை ஒப்பனைப் பொருட்களில் தடைசெய்தது, உணவில் விட்டுவைத்தது. உதட்டில் பூசக்கூடாது, உண்ணலாம் என்னும் இந்த நிலை முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. 2025 சனவரியில் உணவுக்கான அனுமதியும் நீக்கப்பட்டது. உற்பத்தியாளர்களுக்கு 2027 சனவரி வரை அவகாசம். எலிகளில் நேர்வது மனிதரில் நேர்வதற்குச் சான்றில்லை என்று அந்நிர்வாகமே கூறியிருப்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. விலங்கிலோ மனிதரிலோ புற்றுநோய் விளைப்பதாகக் கண்ட எதையும் உணவுச் சேர்மானமாக ஏற்கக்கூடாது என்னும் அந்நாட்டுப் பழைய சட்டப் பிரிவே அம்முடிவுக்குக் காரணம்.

இந்தியாவிலும் இத்தகைய அதிர்ச்சிகள் நிகழ்ந்தன. 2016இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் டெல்லியில் வாங்கிய ரொட்டி, பேக்கரி மாதிரிகளுள் பெரும்பான்மையில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக அறிவித்தபின், புரோமேட் தடைசெய்யப்பட்டது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அடுத்தடுத்துப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தன. அதில் ரோடமின் பி என்னும் துணிச்சாயம் கண்டறியப்பட்டது. அனுமதிக்கப்பட்ட எட்டுச் சாயங்களுக்கும் அனுமதியே இல்லாத ரோடமினுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. பொதுப் பேச்சில் அத்தொலைவு அழிந்து, ‘கலர்’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. வீட்டு ரொட்டியின் பரவலுக்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணமாகலாம்.

வீட்டில் மாவைப் பிசைவோர் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு வகையானது. பீட்ரூட்டின் சிவப்பு பச்சை மாவில் மிக அழகாக இருக்கும். அடுப்பில் வெந்தபின் மேலோடு பழுப்பாகி, உள்ளே மங்கிய ரோஜா நிறமே எஞ்சும். அந்நிறமி வெப்பத்தில் சிதைவது. சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இழப்பு குறையும். கீரையின் பசுமை வெப்பமும் அமிலமும் சேரும்போது ஆலிவ் பழுப்பை நோக்கி நகர்கிறது. சங்குப்பூவின் நீலம் நடுநிலையில் நீலம், அமிலத்தில் ஊதா. புளித்த மாவில் அது சாம்பல் கலந்த நீலமாகிறது. மஞ்சள் நிலைத்து நிற்கும். ஆனால் சோடா உப்பு கூடினால் செம்மண் நிறத்துக்குத் திரும்பும். ஆரத்தி கரைக்கும் பெண்கள் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்க்கும்போது காண்பது இவ்வேதிவினையையே. கேரட், முதலமடையில் மிகுதியாக விளையும் மாம்பழத்தின் கூழ் ஆகியவற்றின் கரோட்டின் வெப்பத்தைத் தாங்குகிறது. பீட்ரூட் விழுதில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரென்பதால் மாவுக்கு விடும் நீரை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். குறைக்காதவரின் மாவு கையில் ஒட்டும். பச்சைப் பப்பாளியை அரைத்து மாவில் சேர்த்தாலோ ரொட்டியே எழும்பாது. பப்பெயின் கோதுமைப் புரதத்தைச் சிதைத்து, மாவின் இழுவையைக் குலைத்துவிடும். அதே பப்பாளி வெந்து பாகில் ஊறித் துணுக்காக வரும்போது நொதி அழிந்துவிடுவதால்தான் இவ்வளவு காலமும் ரொட்டிக்குள் அமைதியாக இருந்து வந்திருக்கிறது.

இவ்வண்ணங்களை ‘நம் பாரம்பரியம்’ என்று அழைக்கும் போக்கும் காணப்படுகிறது. மஞ்சளுக்கும் கீரைக்கும் அது பொருந்தும். பீட்ரூட்டும் கேரட்டும் தமிழ்க் காய்கறிச் சந்தையில் இன்றும் ‘இங்கிலீஷ் காய்’ என்னும் பெயரிலேயே விற்பனையாகின்றன. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுக் காட்டியபின் அவை நீலகிரியிலிருந்து சமவெளிக்கு இறங்கின. இடுக்கியின் வட்டவடையிலும் காந்தளூரிலும் தமிழ் பேசும் உழவர்கள் இன்று கேரட்டை விளைவிக்கின்றனர். ஆக, வீட்டு ரொட்டியின் செம்மையும் ரொட்டியைப் போலவே குடியேற்றக் காலத்து வரவு. இதனால் அதன் நன்மை குறைந்துவிடாது. ஆனால் ‘இயற்கை’, ‘பாரம்பரியம்’ என்னும் இரு சொற்களை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குவதை வரலாறு ஏற்கவில்லை.

வீட்டில் பீட்ரூட் சேர்த்துப் பிசைந்த மாவின் மேலும், அடுப்பில் வைக்குமுன் ஒரு பிடி டூட்டி ஃப்ரூட்டி தூவுவோர் உண்டு. பிள்ளை கேட்கும் நிறம் பீட்ரூட்டின் மங்கிய ரோஜா அன்று. பேக்கரிக் கண்ணாடிக்குள் பார்த்த அந்தச் சிவப்பு. தூவிய பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானப் பட்டியலின் கடைசியில், பப்பாளிக்கும் சர்க்கரைக்கும் பின், மிகச் சிறிய எழுத்தில் 102, 122, 127, 133 போன்ற எண்களுள் சில அச்சிடப்பட்டிருக்கும். முறையே டார்ட்ரசின், கார்மாய்சின், எரித்ரோசின், பிரில்லியன்ட் புளூ.